சத்தம் எங்கே?

எங்கள் கரையில் பேஸ் வாசித்த முதல் பெண்பிள்ளை நான்தான். இரண்டாவது ஆள் இன்றுவரை வரவில்லை. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நான் படித்தது நாலாம் வகுப்பு மட்டும்தான். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது வேண்டும். ஆனாலும் இதை நானே எழுதினால்தான் சரியாக வரும். அன்றைக்கு அந்தப் பெட்டிக்குப் பின்னால் நின்றது நான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. யுத்தத்தால் கொக்கிளாயில் இருந்து இடம்பெயர்ந்து வந்து, முல்லைத்தீவுக் கரையில் ஓர் அந்தோனியார் கோயிலடியில் கொட்டில் போட்டு இருந்தோம். மின்சாரம் இல்லை. பற்றறி இல்லை. ஆழ்கடலுக்குப் போகவும் வழியில்லை. அப்பா கரையோரக் களப்பில் இறால் பிடித்துக்கொண்டிருந்தார். இப்படியான காலத்தில்தான் அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, ஊருக்குத் திரும்பி வந்தார்.

மாமா சில வருடம் கொழும்பில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினவர். அங்கே ஏதோ ஒரு மண்டபத்தில் பொடியன்கள் பாடியதைக் கண்டாராம். தலைமயிர் சேவல் கொண்டை மாதிரி நிமிர்ந்து நிற்குமாம். ஒருவனுக்கும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாதாம். அதற்காக ஒருவனும் வெட்கப்பட்டதும் இல்லையாம். அதற்குப் பங்க் என்று பெயர் என்றார்.

"சனம் மேடையைப் பாத்து ஓடிவரும் பிள்ளை. ஆளுக்கு மேலை ஆள் விழும். அப்பிடி விழுந்தாத்தான் பாட்டு நல்லாப் போகுது எண்டு அர்த்தம்."

இந்தப் பேச்சை நான் ஞானோபதேசப் பாடம் மாதிரி மனதில் வைத்துக்கொண்டேன். பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாமா எங்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கினார். அவரிடம் நாலு நரம்பு மட்டும் மிஞ்சிய ஒரு கிற்றார் இருந்தது. அண்ணாவுக்கு இரண்டு தகரப் பீப்பாவும் மூன்று பால்மாத் தகரமும். பெரியம்மாவின் மகளான அக்கா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றுவா. டைனமோவில் இருந்து ஒரு பழைய ரேடியோவுக்கு வயர் போகும். மாமாவின் குரல் அந்த ரேடியோவுக்குள்ளால் வரும். அக்கா வேகமாகச் சுற்றினால் மாமா அலறுவார். அக்கா களைத்தால் மாமா காய்ச்சல்காரன் மாதிரி முனகுவார்.

"இன்னும் ஒண்டு குறையுது. பேஸ் வேணும்," என்றார் மாமா.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"அடியிலை நிக்கிற சத்தம். அது காதுக்குக் கேக்காது பிள்ளை, வயித்துக்குத்தான் கேக்கும்."

கொக்கிளாயில் இருந்து சட்டிபானை ஏற்றிவந்த தேயிலைப் பெட்டி ஒன்று குசினிக்குள் கிடந்தது. பலகைப் பெட்டி, ஓரமெல்லாம் தகரம் அடித்தது. அம்மாவிடம் கெஞ்சி அதை வாங்கிக் கவிழ்த்தோம். நடுவில் துளை போட்டு, முன்பு சுறாத் தூண்டிலுக்குப் பாவித்த தடித்த நைலோன் நரம்பான தங்கூசியைக் கோத்து, மறு முனையை ஒரு கம்பின் நுனியில் கட்டினோம். கம்பின் அடியைப் பெட்டி விளிம்பில் ஊன்றிப் பின்னால் இழுத்தால் சத்தம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒரே ஒரு நரம்பு, ஒரே ஒரு கம்பு. அவ்வளவுதான் என் வாத்தியம்.

முதலில் அண்ணா வாசித்துப் பார்த்தார். தங்கூசி விரலை வெட்டியது. மாமாவுக்கும் வெட்டியது. அக்கா தூரத்தில் நின்றே மாட்டேன் என்று விட்டா. கடைசியில் நான் போய்ப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. நான் ஆறு வயதில் இருந்து வலையில் நண்டு கழற்றுகிறவள்.

"காட்டு பாப்பம் கையை," என்று மாமா என் விரல்களைத் தடவிப் பார்த்தார். "இது கையே? ஆமை ஓடு!"

அன்றைக்கே எனக்குப் பதவி கிடைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் ஒருவரும் என் கையை அப்படிப் புகழ்ந்ததில்லை.

பாட்டை மாமாவே கட்டினார். பாட்டு என்று சொல்வதற்கு அதில் ராகம் ஒன்றும் இல்லை, கடையில் கிடைக்காத சாமான்களின் பெயர்தான். "சவுக்காரம் எங்கே?" என்று அவர் கத்துவார். நாங்கள் "இல்லை!" என்று கத்துவோம். "சீனி எங்கே?" "இல்லை!" "பற்றறி எங்கே?" "இல்லை!" கடைசியில், "சத்தம் எங்கே?" என்று கேட்டுவிட்டு மாமா வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பதில் சொல்லவேண்டியது நான். வாயால் அல்ல, பெட்டியால். ஒரு அடி. அதன் பிறகு எல்லாரும் சேர்ந்து, "இருக்கு!"

களப்புக் கரையில் அப்பா வலை வைக்கும் வாடிக்குப் பக்கத்தில் பழகினோம். நாய்கள் ஊரைவிட்டுப் போய்விடும் போல் இருந்தது. எங்களுக்கோ சந்தோஷம் தாங்க முடியவில்லை.

அப்பாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அப்பா கூத்துக்காரர். கோயில் பெருநாளுக்குப் பெருநாள் ராசா வேஷம் அவருக்குத்தான். ஒலிபெருக்கி இல்லாமலே அவர் குரல் கோயில் முற்றத்தின் கடைசி ஆள்வரை போகும். வலை பின்னிக்கொண்டு எங்கள் பாட்டைக் கேட்டவர் ஒருநாள் வாய் திறந்தார்.

"இது பாட்டே? பெட்டிக்கு வயித்துக்குத்து வந்தமாதிரி இருக்கு."

"அத்தான், உங்கட ராசா வேஷத்தை முதல்நாள் பாத்தவனும் சிரிச்சிருப்பான்," என்றார் மாமா.

"சிரிச்சவனும் நிண்டு கேட்டவன். உங்களை ஆர் நிண்டு கேப்பான்?" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அந்தப் பெட்டியோடை நீ மேடையிலை ஏறினா, நான் அந்த முற்றத்திலை நிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். நானும் அவருடைய மகள்தான். ஊர் முழுக்கக் கேட்டு அப்பா ஒருவர் கேட்காவிட்டால் அது என்ன வாசிப்பு? அவர் முற்றத்தில் நிற்கவேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். வீடுவரை கேட்கவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு நித்திரையிலும் என்னை விடவில்லை.

மாமா பங்குத்தந்தையிடம் போய்க் கெஞ்சி, பெருநாளன்று பின்னேரம், கூத்துக்கு முதல், கால் மணித்தியாலம் வாங்கிவந்தார். "சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பிடியுங்கோ தம்பி," என்று சுவாமி சொன்னாராம். அதை வழியிலேயே மறந்துவிட்டதாக மாமா எங்களுக்குப் பிறகு சொன்னார்.

கோயில் முற்றத்தில் இரண்டு பதுங்குகுழிகள் இருந்தன. முன்பக்கம், மேடை போடும் இடத்தோடு ஒட்டி, பெரியது ஒன்று. பின்பக்கம் புளியமரத்தடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வெட்டிய சின்னது ஒன்று. பெருநாளன்று காலையில் பெட்டியை வைத்துத் தட்டிப் பார்த்தேன். மணல் என் சத்தத்தைக் குடித்துவிட்டது. முப்பது அடி தள்ளி நின்ற அக்காவுக்கே கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் யோசனை வந்தது. பதுங்குகுழிக்குள் இருந்து இருமினால் இருமல் எப்படி இடிக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை இரவு உள்ளே இருந்து கேட்டிருக்கிறேன்!

"மாமா, பெட்டியைப் பங்கர் வாசலுக்கு மேலை வைப்பமே?"

மாமா துள்ளி எழும்பினார். பிறகு என் தலையில் முத்தம் கொடுத்தார். மேடையோடு ஒட்டிய பெரிய குழியின் வாசலுக்குக் குறுக்கே இரண்டு பலகை போட்டு, நடுவில் இடைவெளி விட்டுப் பெட்டியை வைத்தோம். மாமா தட்டிப் பார்க்க விடவில்லை. "முதல் அடி சனத்துக்குத்தான்," என்றார். அதை அப்போதே தட்டிப் பார்த்திருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

பின்னேரம். பூசை முடிந்து சனம் முற்றம் நிறைய. எங்களுக்குத் தலைமயிர் நிமிரவேண்டும் என்று மாமா தேங்காயெண்ணெயும் சோற்றுக் கஞ்சியும் பூசிவிட்டிருந்தார், ஈ மொய்த்தது. நான் பலகையில் ஏறி நின்று முற்றத்தைப் பார்த்தேன். அங்கே, கடைசியில், புளியமர நிழலில், நீலக் கட்டம்போட்ட சாரம் ஒன்று தெரிந்தது. அப்பா! நிற்கமாட்டேன் என்றவர் வந்து நிற்கிறார். மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிறார். என் நெஞ்சு கோயில் மணி மாதிரி ஆடியது.

மாமா தொடங்கினார். "சவுக்காரம் எங்கே?" "இல்லை!" சனம் சிரித்தது. "சீனி எங்கே?" இரண்டாவது "இல்லை!"க்குச் சனமும் சேர்ந்து கத்தியது. "பற்றறி எங்கே?" முற்றமே, "இல்லை!" அக்கா பேய் பிடித்தவ மாதிரிப் பெடலைச் சுற்றினா.

"சத்தம் எங்கே?"

முற்றம் அமைதியானது. கம்பைத் தளர்த்தி, தங்கூசியை முழங்கைவரை இழுத்து விட்டேன்.

டும்.

அது என் பெட்டியில் இருந்து வந்த சத்தம் மாதிரி இல்லை. நிலத்துக்கு அடியில் இருந்து, எங்கோ தூரத்தில் இருந்து வந்தது மாதிரி இருந்தது. உள்ளங்காலில் ஏறி வயிற்றில் நின்றது. மாமா சொன்ன அதே சத்தம்!

சனம் விழுந்தது. ஒருவர் இருவர் அல்ல, காற்றில் நெல் சாய்ந்தமாதிரி முற்றம் முழுக்க விழுந்தது. விழுந்தவர்கள் எழும்பி மேடையைப் பார்த்து ஓடிவந்தார்கள். ஆளுக்கு மேலே ஆள் விழுந்தார்கள். புளியமரத்தடியில், அப்பாவின் காலுக்குக் கிட்ட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நண்டுகள் மாதிரி மண்ணுக்குள் மறைந்தார்கள். பங்குத்தந்தை மேசைக்குக் கீழே போனார். கொழும்புப் பொடியன்களுக்குக்கூட ஒரே அடியில் இப்படி விழுந்திருக்காது! நான் துள்ளித் துள்ளி அடித்தேன். டும். டும். டும்.

"இறங்கடி! வாசலை விடடி!" என்று முன்னால் வந்த ஒரு மாமி கத்தினா. பாட்டில் மயங்கிக் கத்துகிறா என்றுதான் நினைத்தேன். இன்னும் ஒன்று அடித்தேன்.

அப்போது என்னை யாரோ இடித்து வீழ்த்தினார்கள். கம்பு முறிந்தது. பெட்டி பிளந்தது. நான் பலகையில் குப்புறக் கிடந்தேன், எனக்கு மேலே ஒரு பாரம். வேர்வையும் இறாலும் மணந்தது. அப்பா. என் தலையைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி கிடந்தார்.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஒரு கணக்கு இருந்தது. தூரத்து இராணுவ முகாமில் ஷெல் குத்துகிற, அதாவது ஏவுகிற, சத்தம் "டும்" என்று கேட்கும். அது வந்து விழுவதற்கு ஒரு மங்களவார்த்தைச் செபம் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். அதற்குள் பதுங்குகுழிக்குள் போய்விட வேண்டும். முற்றம் முழுக்க அன்றைக்கு அந்தச் செபம் கேட்டது. சொல்லி முடிந்தது. ஒன்றும் விழவில்லை. இரண்டாம் முறையும் சொல்லி முடிந்தது.

மேசைக்குக் கீழிருந்து பங்குத்தந்தை தலையை நீட்டினார். பிளந்த பெட்டியையும் அதில் தொங்கிய தங்கூசியையும் பார்த்தார்.

"அட பாவி," என்றா அந்த மாமி, மண்ணைத் துப்பிக்கொண்டு. "இது உன்ரை பெட்டியே? நான் செய்த பாவமெல்லாம் ஒண்டுவிடாமல் கடவுளுக்குச் சொல்லிப்போட்டனடி! பக்கத்திலை என்ரை மனிசனும் கேட்டுக்கொண்டு கிடந்தவர்!"

முதலில் சிரித்தது அவவின் புருஷன். பிறகு முற்றமே சிரித்தது. கிடந்தபடியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வர வரச் சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முதல் அந்த ஊரில் கேட்டதில்லை. மாமா நிமிர்ந்த தலைமயிரோடு நின்று, "இன்னொருக்கா வேணுமோ?" என்று கேட்டார். "வேண்டாம்!" என்று சனம் கத்தியது. "இல்லை!" என்பதைவிடச் சத்தமாக.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக எழும்பினார். முழங்கால் இரண்டும் உரிந்து இரத்தம். நான் முறிந்த கம்பைத் தூக்கிக் காட்டி அழுதேன். "நீங்கள் வேணுமெண்டுதான் உடைச்சனீங்கள்! உங்களுக்கு இது பிடிக்கேல்லை! நான் வாசிச்சது கேட்டுதோ? சொல்லுங்கோ, கேட்டுதோ?"

அப்பா சாரத்தில் இருந்த மண்ணைத் தட்டினார். "கேட்டுது," என்றார். கூத்துக்கு வேஷம் கட்டப் போய்விட்டார். அன்றைய கூத்தில் ராசாவுக்குக் குரல் அடைத்திருந்தது.

நான் மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நல்லாப் போன பாட்டைப் பொறாமையில் கெடுத்தவர் என்று அக்காவுக்குச் சொன்னேன், பெரியம்மாவுக்கும் சொன்னேன். எத்தனை பேரை விழுத்தினேன் என்று விரல்விட்டு எண்ணியும் பார்த்தேன். எண்ணி முடியவில்லை.

விழுந்தவர்களைத்தான் எண்ணினேன். அத்தனை பேரும் குழியைத் தேடித்தான் ஓடினார்கள். அப்பாவுக்கோ குழி காலடியிலேயே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்குள் போனதை என் கண்ணாலேயே கண்டேன். அந்தப் புளியமரத்துக்கும் என் பெட்டிக்கும் இடையில் ஒதுங்க ஒரு செடிகூட இல்லாத வெறும் மணல். பன்னிரண்டு வயதில் அந்தத் தூரம் என் கணக்கில் வரவில்லை.