டிஸ்க்கில் வைத்த பொட்டு

"ஏண்ணா, பில் போடற பொண்ணு சொல்றதக் கேட்டா பிரேக்க மாத்தறது?"

கார்க்காரர் இதை என்னிடம் கேட்கவில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளியிடமும் முழுதாகக் கேட்கவில்லை. லிஃப்டில் உயர்ந்து நின்ற தன் காரின் முன்சக்கரத்தைப் பார்த்துக் கேட்டார். சக்கரம் பேசாமல் இருந்ததால் முதலாளி பேசினார்.

"பில்லும் போடுது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கும் படிச்சிருக்குது."

இரண்டும் உண்மை. பர்கூரில் படித்து முடித்து ஓசூருக்கு வந்தேன். வெளிநாட்டுக் கார்களை மட்டும் பழுது பார்க்கும் இந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது. பெங்களூரைவிட இங்கே கூலி குறைவு என்று எல்லை தாண்டியும் வண்டிகள் வரும். எனக்குக் கொடுத்த இடம் முன்னறை மேஜை. ஏசி உண்டு, கண்ணாடிச் சுவர் உண்டு. லிஃப்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பொண்ணுங்களுக்கு இதுதான் வசதி என்றார் முதலாளி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதனால் மறுத்துப் பேசச் சிரமமாக இருந்தது. பேசாமல், வேலை இல்லாத நேரங்களில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போக ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சாமல்பட்டிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்யும் அப்பாவும் அம்மாவும் இன்றும் கைநாட்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது; கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ரேஷன் கடைப் பலகை, மாத்திரை அட்டை, உர மூட்டை என்று எழுத்து எதில் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் விடவில்லை. பிரேக் டிஸ்க்கின் விளிம்பிலும் எழுத்து இருக்கும். இதற்கு மேல் தேய்ந்தால் மாற்றிவிடு என்று ஒரு தடிமன் அளவைப் பொறித்திருப்பார்கள். அந்தக் காரின் டிஸ்க்கை மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன். அந்த அளவுக்கும் கீழே தேய்ந்திருந்தது. சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

மாற்ற வேண்டும் என்பதை அவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். என்ன போடுவது என்பதில் தகராறு வந்தது. போனை எடுத்து ஒரு படம் காட்டினார். முகமெல்லாம் துளை போட்ட டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கச் சிவப்பு நிற ரேஸ் பேட்.

"ரிம்முக்குள்ள இருந்து பளிச்சுன்னு தெரியும். செம லுக்கு."

"சார், நீங்க தினமும் எந்த ரோட்ல ஓட்டறீங்க?"

"அத்திப்பள்ளி வழியா பெங்களூரு. லீவு நாள்ல கிருஷ்ணகிரி பக்கம்."

"இந்த பேட் ரேஸுக்குன்னு செஞ்சது. நல்லா சூடானாத்தான் புடிக்கும். அத்திப்பள்ளி நெரிசல்ல அது சூடாவாது."

"நீங்கதான் சூடாவீங்க" என்றார் முதலாளி.

"சரி, ஓட்டை போட்டா என்னாவாம்?"

"கிருஷ்ணகிரி ரோட்ல கிரானைட் லாரி போவுது சார். அது சிந்திட்டுப் போற பொடியெல்லாம் ஓட்டையில அடைச்சிக்கும். சூடாயி ஆறி, சூடாயி ஆறி, ஓட்டையச் சுத்தி விரிசலும் விடும்."

"அப்ப இதைச் செஞ்சவன் முட்டாளா?"

"இல்ல சார். அவன் ஊர்ல கிரானைட் லாரி இல்ல."

துளையில்லாத டிஸ்க், தினசரி ஓட்டத்துக்கான பேட் என்று நான் சொன்னேன். முதலாளி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"சரி, நீ சொல்றதையே வர வெப்போம். ஆனா சார் திரும்பி வந்து கம்ப்ளைன்ட்னு ஒண்ணு சொன்னாருன்னா, அப்புறம் நீ லிஃப்ட் பக்கம் வரக் கூடாது. மேஜை, பில்லு, அவ்ளோதான். ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேண்ணா."

கார்க்காரர் அப்போதுதான் என்னைப் பார்த்தார், பந்தயம் கட்டும் முன் சேவலைப் பார்ப்பதுபோல.

அந்த மாடலில் இரண்டு அளவு டிஸ்க் உண்டு. பெங்களூர் உதிரிபாகக் கடைக்காரர் போனில் வண்டியின் வருஷத்தைக் கேட்டார். வருஷத்தை வைத்து அளவு தெரியாது என்று நான் சேசிஸ் நம்பரைக் கொடுத்தேன். அதையே முதலாளி ஆண்குரலில், கன்னடத்தில் மறுபடி சொன்ன பிறகு எழுதிக்கொண்டார்.

சரக்கு வந்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலை ஆரம்பமானது. முதலாளி புது டிஸ்க்குகளைத் துடைத்து இரண்டு பக்கமும் மாட்டிவிட்டு, மற்ற சாமான்களை எடுக்க உள்ளே போனார். நான் முன்னறையில் வேறொருவருக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கார்க்காரரும் அவருடைய அம்மாவும் தாம்பாளத்தோடு வந்திருக்கிறார்கள். பாகலூர் சாலையில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். வண்டிக்குப் புதிதாக எது போட்டாலும் பூஜை உண்டு.

கண்ணாடி வழியாகப் பார்த்து ஓடி வந்தேன். அதற்குள் பளபளக்கும் டிஸ்க்கின் முகத்தில், பக்கத்துக்கு மூன்றாக, சந்தனமும் குங்குமமும் ஏறியிருந்தன.

"அம்மா, எப்பவும் டயருக்குத்தானே வெப்பாங்க?"

"டயரு பழசு கண்ணு. புதுசுக்குத்தான் பொட்டு. சக்கரத்த மாட்டிட்டா அப்புறம் கை போவாதே."

அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"தண்ணியில கொழச்சதாம்மா?"

"தண்ணி இரும்புல நிக்குமா? நல்லெண்ணெயில கொழச்சிட்டு வந்தேன். நாளைக்கும் அழியாது."

சொல்லிக்கொண்டே, பிரித்து வைத்திருந்த பேட் பெட்டியை நோக்கிக் குங்குமக் கையை நீட்டினார். நான் பெட்டியை வெடுக்கென்று எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன்.

கார்க்காரர் போனை எடுத்து, அணைந்திருந்த திரையைக் கவனமாகப் படித்தார். வெளியே வந்த முதலாளி ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையில் இருந்தது.

"இது எண்ணெயக் குடிச்சிரும்மா. அப்புறம் பிரேக் புடிக்காது. டிஸ்க்கையும் துடைக்கணும்."

"பொட்ட அழிக்கப் போறியா? வெள்ளிக்கெழம அதுவுமா? எம் மவன் ஓட்டற வண்டி இது!"

"உங்க மவன் ஓட்டற வண்டின்னுதாம்மா சொல்றேன். கோயில்ல அபிஷேகம் பண்றதுக்கு முன்னாடி பழைய சந்தனத்த எடுக்கறாங்கல்ல? அதை யாரும் அழிக்கறதுன்னு சொல்றதில்லையே."

அவர் குங்குமக் கையை இறக்கினார்.

"அபிஷேகம் முடிஞ்சா திரும்பப் பொட்டு வெக்கணும்."

"வெக்கலாம். இந்த நடு மூடியில வைங்க. பேட் தொடாத எடம்."

"அதுவும் டிஸ்க்குதானா? ஏமாத்தாத."

"அதுவும் டிஸ்க்குதாம்மா. ஒரே வார்ப்பு."

"அப்ப துடை. துடைக்கறதுக்கு முன்னாடி கன்னத்துல போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். பிறகு பிரேக் கிளீனர் அடித்து, துணியில் சிவப்பு வராமலாகும் வரை துடைத்தேன். அவர் நடு மூடியில் பொட்டு வைத்தார், இந்த முறை என்னைக் கேட்டுக் கேட்டு.

என்ன போடுவது என்று சொன்ன ஆள்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம். தேர்ந்தெடுத்தது நான், என்னிடம் இருந்ததோ ஸ்கூட்டர் லைசென்ஸ். அதனால் ராயக்கோட்டை சாலையில் முதலாளி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். புது பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். வேகமெடுத்து, அழுத்திப் பிடித்து, முழுதாக நிற்கும் முன் விட்டு, மறுபடி வேகமெடுக்க வேண்டும். புதுசு என்றால் பூப்போல ஓட்டுவது அவர் பழக்கம். "இன்னும் அழுத்துங்கண்ணா" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். காலிச் சாலையில் காரணமில்லாமல் பிரேக் பிடித்துப் பிடித்துப் போன எங்களை ஒரு பால்காரர் மொபெட்டில் முந்தினார்.

"யோவ், ஓட்டத் தெரியலன்னா எங்கிட்ட குடுய்யா!"

பல வருஷமாக வண்டி பார்க்கும் மனிதர் முதலாளி. கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

திரும்பும்போது கேட்டேன். "பிரேக் மிதி எப்படிண்ணா இருக்கு?"

"நல்லாருக்குது."

"நல்லான்னா? கெட்டியா இருக்கா? பாதியில புடிக்குதா?"

"அதெப்படிச் சொல்றது? காலுக்குத் தெரியுது."

என் காலுக்குத் தெரியவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சில வாரங்கள் கழித்துக் கார்க்காரர் வந்தார். நேராக லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒரு கம்ப்ளைன்ட்" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்து நின்றேன்.

"சத்தமே வரல. என் ஃப்ரெண்டு அந்த ரேஸ் பேட் போட்டிருக்கான். சிக்னல்ல நின்னான்னா கீச்சுன்னு தெருவே திரும்பிப் பாக்குது. என்னுது ஒண்ணுமே தெரியல. மாத்துனீங்களா, இல்லியா?"

"நிக்குதா சார்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நிக்குது. போன வாரம் சூளகிரிகிட்ட எருமை குறுக்க வந்துது. நின்னுச்சு."

"எருமைக்கு ஒண்ணும் ஆவலியே?"

"அது திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்ப கம்ப்ளைன்ட் என்னா சார்?" என்றார் முதலாளி.

கார்க்காரர் கொஞ்சம் யோசித்தார். "கம்ப்ளைன்ட்னு இல்ல. பின்சக்கரத்துக்கும் பாக்கணும். அம்மா அந்தப் பொண்ணுகிட்டயே கேக்கச் சொன்னாங்க."

இதையும் அவர் சக்கரத்தைப் பார்த்துத்தான் சொன்னார். முதலாளி மைக்ரோமீட்டரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அளந்து சொல்லு. ஆனா ஒவ்வொரு தடவையும் ஓட்டிக் காட்ட நான் வர முடியாது."

அவர் வர வேண்டியதில்லை. காருக்கு எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன். ஒர்க்‌ஷாப் திறக்கும் முன், தினமும் காலையில் டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டிப் பழகுகிறேன். லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு நாளும் வாங்கியாகிவிட்டது.