பாண்டியம்மாள் அக்காவின் ஆடு நாறவில்லை

நாறியது என் உரத் தொட்டி. பழியைப் பாண்டியம்மாள் அக்காவின் ஆட்டின்மேல் போட்டவள் நான்தான்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... திட்டினாலும் சரி.

அருப்புக்கோட்டையில் எங்களுடையது நெசவுத் தெரு. வீட்டுக் குப்பையிலேயே உரம் செய்யப் போவதாகத் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, பழைய பிளாஸ்டிக் டிரம்மில் துளையிட்டுக் கொல்லையில் வைத்தேன். காய்கறித் தோலைக் கொட்டினேன். அதோடு நின்றிருக்கலாமே! தறியில் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போட்டு மிஞ்சிய புளித்த கஞ்சியையும் வாளி வாளியாக ஊற்றினேன். சோற்றுக் கஞ்சிதானே, மட்காதா என்ற மேதாவித்தனம்!

நாலே நாளில் தெருவே மூக்கைப் பிடித்தது.

என்ன வாடை என்று கேட்டவர்களிடம், "பக்கத்து வீட்டுல ஆடு கட்டியிருக்காகல்ல, அதான்" என்றேன்.

ஏன் சொன்னேன்? தோற்றதை ஒப்புக்கொள்ள வெட்கம். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

பேச்சு காதுக்கு எட்டியும் அக்கா சண்டைக்கு வரவில்லை. ஆடு கட்டிய இடத்தை இரண்டு நாள் கழுவிக் கழுவிப் பார்த்தார். பிறகு, பரளச்சியிலிருந்து அவருடைய அண்ணன் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த அந்த ஆட்டை நரிக்குடிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்.

அன்றைக்கே கஞ்சியை நிறுத்தினேன். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு வேப்பஞ்சருகு. பிழிந்த துணியில் இருக்கும் அளவு ஈரம். வாரம் ஒருமுறை கிளறல். இவ்வளவுதான் வேலை! வாடை சுவடில்லாமல் போனது. இரண்டு மாதம் கழித்துக் கருகருவென்று உதிரும் உரம் கிடைத்தது. அதைக் கொல்லைப் பாத்தியில் போட்டேன். தினமும் இரண்டு குடம் தண்ணீர் குடித்த தரைக்கு இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினால் போதும். கத்தரிச் செடிகளுக்கு நடுவே நிற்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அதை உங்களிடம் மறைப்பானேன்?

நேற்று அக்காவுக்குக் கத்தரிக்காய் கொடுத்தேன்.

"நீ சொன்னது சரிதான்த்தா. ஆடு போகவும் வாடையும் போயிருச்சு பாத்தியா! பழகிப்போயி எனக்குத்தான் தெரியல. நானும் ஒரு டிரம்மு வைக்கப் போறேன், சொல்லிக் குடு. அதுல ஆட்டுப் புழுக்கை போட்டா நல்லதாமே?"

"ஆமாக்கா" என்றேன்.

"அடடா, நம்மகிட்டயே இருந்துச்சே!" என்று சிரித்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய் வரை வந்தது... கூடையில் இன்னும் நாலு காயை அள்ளிப் போட்டேன்.