செக்கிங் டேபிளில் பதினோராம் அத்தியாயம்

புதுப் பனியன் துணியை மூக்கருகே கொண்டுபோனால் சலவைச் சோடாவும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாடை வரும். ஓர் அமெரிக்க நாவலின் முக்கியமான அத்தியாயத்தை நான் படித்தது அந்த வாடைக்கு நடுவில்தான்.

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். புகழ்பெற்ற பழைய நாவல் ஒன்றின் சுருக்கம் எங்களுக்கு ஆங்கிலத் துணைப்பாடம், "நான்-டீடெயில்" என்போம். அதன் பதினோராம் அத்தியாயத்திலிருந்து கட்டாயம் கட்டுரைக் கேள்வி வரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அரையாண்டு விடுமுறையில், அம்மா வேலை செய்த பனியன் கம்பெனிக்கு நானும் "செக்கிங்" வேலைக்குப் போனேன். தைத்து வரும் பனியன்களில் ஓட்டையோ கறையோ இருக்கிறதா என்று பார்த்து, நூல் பிசிறு வெட்டி அடுக்க வேண்டும். டீ நேரத்தில் நான் புத்தகத்தை விரித்ததும், மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் என்ன கதை என்று கேட்டார்கள். அப்படித்தான் தினம் இரண்டு அத்தியாயமாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

பனி கொட்டும் ஊரில் ஒரு பண்ணைக்காரன் மனைவி. புருஷன் கை நீட்டுகிறவன். ஒருநாள் அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடக்கிறாள். அதுதான் பதினோராம் அத்தியாயம்.

கதை கேட்பவர்களில் சரஸ்வதி அக்காவுக்கு முப்பது வயதிருக்கும். சாமளாபுரத்தில் பிறந்து திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவர், ஒரே மகள். எப்போதும் என் இடப்பக்கமாகவே வந்து உட்காருவார். புருஷன் அடித்ததில் அவருக்கு இடது காது கேட்காது, வலது காது என் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி உட்காருகிறார் என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

அந்தப் பதினோராம் அத்தியாயத்தைச் சொன்ன அன்று, ரயில் வந்து நிற்கிறது என்ற இடத்தில் டீ நேரம் முடிந்து கம்பெனி மணி அடித்துவிட்டது. அன்று முழுவதும் மேசையில் அதே பேச்சு. பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவாள், திரும்பிவிடுவாள் என்றார் அம்மா. ஏறித்தான் ஆக வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். மறுநாள் காலை, சரஸ்வதி அக்கா மற்றவர்கள் வருவதற்கு முன்பே என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏறுனாளா கண்ணு?"

புத்தகத்தில் அவள் ஏறவில்லை. ரயில் புறப்பட்டுப் போகும்வரை நின்றுவிட்டு, மகளோடு வீட்டுக்குத் திரும்புகிறாள். அக்காவின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஏறிட்டாங்கக்கா."

டீ நேரத்தில் எல்லோருக்கும் அதையே சொன்னேன். ஜன்னலோரம் இடம் கிடைத்ததாகவும் மகள் மடியில் தூங்கிவிட்டதாகவும் நானே சேர்த்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, எனக்குப் பள்ளி திறந்த பிறகு, சரஸ்வதி அக்கா வேலைக்கு வரவில்லை என்று அம்மா வந்து சொன்னார். மகளைக் கூட்டிக்கொண்டு சாமளாபுரத்திலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாராம். அவருடைய புருஷன் கம்பெனி வாசலில் நின்று, யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்தானாம். ஒரு பொய்யால் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டோமோ என்ற பயம் பரீட்சைவரை கூடவே இருந்தது. எதிர்பார்த்தபடியே அந்த அத்தியாயத்திலிருந்து கேள்வி வந்தது. அவள் மன உறுதியற்றவள், அதனால்தான் திரும்பினாள் என்று நோட்ஸில் இருந்ததை மூன்று பக்கம் எழுதிவைத்தேன்.

பரீட்சை முடிந்த வாரமே பஸ் ஏறி சாமளாபுரம் போனேன். அண்ணனின் தறிக்கூடத்தில் அக்கா, நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால் வெளியே கூட்டி வந்து, மறக்காமல் அவருடைய வலப்பக்கம் நின்று சொன்னேன்.

"அக்கா, புஸ்தகத்துல அந்தம்மா ரயில் ஏறலீங்க. திரும்பி ஊட்டுக்கே போயிட்டாங்க. நாந்தான் மாத்திச் சொல்லிட்டனுங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த நூலை உதறினார்.

"பாவம். அவளுக்கு அண்ணன் ஊடு எதுவும் இல்லையாட்ட இருக்குது கண்ணு," என்றார். "எனக்கு இருந்துச்சு."

பிறகு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உள்ளே அழைத்துப் போனார். அவர் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள் இருக்கின்றன. அந்த நாவலும் எப்போதோ பாடத்திட்டத்திலிருந்து போய்விட்டது. நான் பிற்பாடு ஆங்கில ஆசிரியையாகி, சுருக்காத முழுப் புத்தகத்தையும் வாங்கிப் படித்தேன். தாய் தகப்பன் இறந்து, கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாதவள் அவள் என்று இரண்டாம் பக்கத்திலேயே ஒரு வரி இருக்கிறது. சுருக்கியவர்கள் அதை விட்டுவிட்டிருந்தார்கள்.