எட்டடியில் ஓர் உள்ளான்

பள்ளிவாசல்துறையில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ரிஃபாஸுக்கு வயது நாற்பத்தேழு. அவன் ஓர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் மேசையில் ஓர் ஆணிகூட மிஞ்சாது. படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். ஆனால் எந்தப் படகின் எஞ்சினுக்கு எந்தத் தேதியில் எந்த வளையம் மாற்றினான் என்று கேட்டால் நின்ற நிலையில் சொல்லுவான். அந்தக் கரையில் அப்படிச் சொல்லக்கூடியவர் வேறு ஒருவர் கிடையாது.

கமரா அவன் கைக்கு வந்தது 2022 மார்ச்சில். ஆலங்குடாவுக்குக் காற்றாடி கட்டிக் கடலில் பலகை ஓட வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. உள்ளே கண்ணாடி இல்லாத வகை. பழைய கமராக்களில் படம் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு கண்ணாடி எழும்பி விழும். அந்தச் சத்தத்திலேயே பாதிக் குருவிகள் பறந்துவிடும். இதில் சத்தத்தை அடியோடு நிறுத்திவிடலாம். கூடவே இரண்டு லென்ஸ்கள். ஒன்று நூறிலிருந்து நானூறு மில்லிமீட்டர் வரை நீளும், தூரத்தைக் கிட்டக் காட்டும் பெரியது. மற்றது உள்ளங்கையில் அடங்கும் ஐம்பது. சின்னதை அவன் அலுமாரியில் வைத்துவிட்டான். குருவி பார்க்கிறவனுக்கு அது எதற்கு?

அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் அவன் மனைவி ரபியா மௌத்தானாள். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்குச் சமைத்த வீட்டில் ஒருவனுக்குச் சமைக்க அவனுக்கு அளவு பிடிபடவே இல்லை. ஒரு நாள் சோறு மிஞ்சும், மறுநாள் போதாது. பிறகு அடுப்பு மூட்டுவதையே விட்டுவிட்டான். விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல் நேரே களப்பு ஓரத்துக்கு, கடல் உள்ளே வந்து தேங்கும் உப்பேரிக் கரைக்குப் போனான். எட்டு மணிக்குப் பட்டறை திறக்கும்வரை அங்கேதான்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி, பழைய மரத்துறையின் கம்பங்கள் நிற்கிற சேற்றுத் திட்டில், ஒரு சிறு உள்ளானைக் கண்டான். கைப்பிடிக்குள் அடங்கும் குருவி. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து சித்திரையில் திரும்பிப் போகிற கூட்டத்தில் ஒன்று. அதன் வலது காலில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டி இருந்தது. அதில் ஏதோ எழுத்தும் இருந்தது. எங்கோ யாரோ பிடித்து, அடையாளம் கட்டி, விட்டிருக்கிறார்கள்.

அடுத்த வருடமும் அதே திட்டில், அதே மூன்றாவது கம்பத்தடியில், வலது காலில் மஞ்சள் பட்டியோடு ஓர் உள்ளான் நின்றது. அதற்கடுத்த வருடமும் நின்றது. ரிஃபாஸ் அதைப் பார்த்து ஸலாம் சொல்லத் தொடங்கினான். அதற்கப்பால் எஞ்சின், மழை, முழங்கால் வலி என்று கதை நீளும். வீட்டில் கதைக்க ஆள் இல்லாதவன் திட்டில் கதைத்தான்.

துறையில் படகு வைத்திருக்கும் சாள்ஸுக்கு இது பெரிய பகிடி.

"நானா, மாப்பிள்ளை வந்திட்டாரா?"

"வந்திட்டார்."

"கையில ஒண்டும் கொண்டு வரல்லையா?"

"கால்ல மாட்டிட்டு வந்திரிக்கார். நீ அந்தப் பக்கம் எஞ்சினை முறுக்காம போனாக் காணும்."

பறவைகளின் வரவுபோக்கைப் பதிந்து வைக்கும் குழு ஒன்று கொழும்பில் இருந்தது. அதன் பதிவுகளைப் பார்த்துக்கொள்பவர் மதுசா என்ற இளம் ஆசிரியை. ரிஃபாஸ் அவருக்கு மூன்று வருடப் படங்களையும் வரிசையாக, தேதியோடு அனுப்பினான். அவர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார்: "அண்ணா, பட்டி இருக்கிறது தெரியுது. எழுத்தை வாசிக்க முடியல்ல. எழுத்து இல்லாம ஒண்டும் சொல்லேலாது. ஒரே ஒரு தெளிவான படம் கிடைச்சால் கட்டினவையளிட்டக் கேட்டு, இது மூண்டு வருசமாத் திரும்பி வாற பறவை எண்டு உங்கட பேரிலேயே பதியலாம்."

தன் பெயர் பதிவில் ஏறுவது பற்றி ரிஃபாஸ் பெரிதாக நினைக்கவில்லை. திரும்பி வருவது அதேதானா? அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

படம் ஏன் தெளியவில்லை என்பதை அவன் ஒரு பழுதைத் தேடுவதுபோலத் தேடினான். இந்தக் கமரா குருவியின் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்து, அதிலேயே கூர்மையை நிறுத்தும். எல்லாரும் மெச்சுகிற வசதி. ஆனால் கண் கூர்மையானால் கால் மங்கும். அந்த வசதியை நிறுத்திவிட்டு, ஒரு சிறு புள்ளியைக் காலில் வைத்து எடுத்துப் பார்த்தான். அப்போது காற்று குழப்பியது. காற்று ஓய்ந்த காலையில் வெயில் ஏறிச் சேற்றுக்கு மேலே ஆவி நெளிந்தது. அறுபது எழுபது அடிக்கு அப்பால் நிற்கிற குருவியின் காலில் நகத்தளவு பட்டி; அதில் இரண்டு எழுத்து. மூன்றாவது வருடம் ஏப்ரல் பிறந்துவிட்டது. உள்ளான்களின் நெஞ்சில் செம்மை ஏறியிருந்தது. இன்னும் பத்து நாளில் போய்விடும்.

ஏப்ரல் மூன்றாம் தேதி, படகொன்று ஓட்டமாகப் போன அலையில் அவன் மேல் உப்புத் தண்ணீர் அடித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பெரிய லென்ஸின் வளையம் திருகும்போது நறநறவென்றது. உப்பு.

கடல் தண்ணீர் பட்ட எதையும் நல்ல தண்ணீர் காட்டாமல் வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள், அந்தக் கரை ஆட்கள். எஞ்சினின் அடிப்பகுதியை நல்ல தண்ணீர்ப் பீப்பாவில் இறக்கி ஐந்து நிமிடம் ஓடவிடுவது ரிஃபாஸின் அன்றாட வேலை. கழுவிய எதுவும் அவன் கையில் கெட்டதில்லை. மழைக்கு ஒன்றும் ஆகாது என்று விற்ற ஆளும் கையைக் காட்டிச் சொல்லியிருந்தார். லென்ஸைக் கழற்றி, இரண்டு பக்கமும் மூடியைப் போட்டு, குழாயைத் திறந்து அதன் கீழே பிடித்தான். உப்பு முழுக்கப் போகட்டும் என்று நூறிலிருந்து நானூறுக்கும் நானூறிலிருந்து நூறுக்குமாக, பத்துப் பன்னிரண்டு தடவை நீட்டி மடக்கினான்.

எஞ்சினுக்குள் போகிற தண்ணீர் வெளியே வர வழி இருக்கிறது. லென்ஸுக்கு இல்லை. நீளும்போது அது மூச்செடுப்பதுபோலக் காற்றை இழுக்கும்; அன்றைக்குத் தண்ணீரை இழுத்தது. மறுநாள் காலை கண்ணாடிகளுக்கு நடுவே வெண்புகை படிந்திருந்தது. அரிசிக்குள் புதைத்து வைத்தான். மாலையில் எடுத்தபோது புகை திட்டுத் திட்டாக வடிந்து, நடுவில் ஒரு வெள்ளைக் கறை நின்றது. அந்தக் கறைக்குப் பின்னால் உலகம் பால் ஊற்றினதுபோல இருந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு, நுரைச்சோலையில் கட்டிக்கொடுத்திருக்கும் அவனுடைய அக்கா, லெய்லா ராத்தா, வழக்கம்போலத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஓம் ராத்தா."

"என்ன சாப்பிட்ட?"

"பாண்."

"பாணும் என்ன?"

"பாணும் தேத்தண்ணியும்."

"உன்ட குரல் சரியில்ல. என்ன உடைஞ்சிட்டு?"

"பெரிய லென்ஸுக்குள்ள தண்ணி போயிட்டு."

"யார் ஊத்தின?"

"நான்தான். கழுவினன்."

"ஆணி எண்ணி எஞ்சின் பூட்டுற நீயா?"

"ஓம்."

"சரி. மத்தது ஒண்டு இரிக்கே, அந்தக் குட்டி?"

"அதுக்குக் கிட்டப் போகோணும் ராத்தா."

"அப்ப கிட்டப் போ," என்றாள் அவள்.

அன்று மாலையே அவன் ஓர் ஆணியில் மஞ்சள் பிளாஸ்டிக் துண்டைச் சுற்றி, பேனாவால் இரண்டு எழுத்து எழுதி, முற்றத்தில் குத்தி வைத்தான். சின்ன லென்ஸைப் பூட்டி இருபதடியிலிருந்து ஒன்று, பதினைந்திலிருந்து ஒன்று, பத்திலிருந்து ஒன்று எடுத்தான். எட்டடியில்தான் எழுத்து வாசிக்க வந்தது. ஓர் உள்ளான் மனிதனுக்கு எட்டடி கிட்ட வராது. மனிதன் மனிதனாக இருக்கும்வரை வராது என்று கணக்குப் போட்டான்.

ஐந்தாம் தேதி, தண்ணீர் வற்றியிருந்த நேரம் பார்த்து, திட்டின் மேட்டில் குப்புறப் படுத்தான். மேலே சாள்ஸிடம் வாங்கிய கிழிந்த வலையும் படகுச் சீலையும். அடுப்படியில் சும்மா கிடந்த தாச்சிச் சட்டியைச் சேற்றில் வைத்து, அதற்குள் கமராவை இருத்தி, பின்பக்கத் திரையை மேலே திருப்பிவிட்டிருந்தான். தண்ணீர் பெருகப் பெருகச் சேறு சுருங்கும். இரை தேடுகிற குருவிகள் மேட்டுப் பக்கம் தள்ளிவரும். அதுதான் யோசனை.

முதல் நாள் அவை ஐம்பதடிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. இரண்டாம் நாள் இருபதடி. அன்று இடுப்புவரை தண்ணீரில் ஊறி, எழும்ப முடியாமல் தவழ்ந்துதான் கரையேறினான். சாள்ஸ் கைகொடுத்துத் தூக்கினான்.

"மாப்பிள்ளையைப் பாக்கப் போய் நீங்க மௌத்தாகிடாதீங்க, நானா."

"நாளைக்கும் எஞ்சினை முறுக்காத."

"முறுக்கல்ல. துடுப்புப் போட்டே போறன். காணுமா?"

மூன்றாம் நாள் சாள்ஸ் சொன்னபடி துடுப்புப் போட்டுப் போனான். களப்பு எண்ணெய்போலக் கிடந்தது. ஏழு மணி தாண்டி, பெருக்குத் தண்ணீர் ரிஃபாஸின் நெஞ்சைத் தொட்டபோது, வலையின் கண்ணிகளுக்கு வெளியே சின்னக் கால்கள் ஓடி நின்றன, ஓடி நின்றன. மஞ்சள் பட்டி. அது மேட்டில் ஏறி, சேற்றைக் குத்தி, ஒரு புழுவை இழுத்து விழுங்கியது. அதன் நெஞ்சு துடிப்பதுகூடத் தெரிந்தது. மூன்று வருடம் தூரத்திலிருந்து கதைத்தவன் இப்போது மூச்சு விடப் பயந்தான். விரலை மட்டும் அழுத்தினான். கமரா சத்தமே போடவில்லை. நாற்பத்தாறு படங்கள்.

கரையேறி, ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். ஜே, ஏழு. கறுப்பு எழுத்து. அச்சடித்ததுபோல இருந்தது.

"ஜே ஏழு," என்று வாய்விட்டுச் சொன்னான். அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

படத்தை அன்றே மதுசாவுக்கு அனுப்பினான். பதினான்காம் தேதிக்குள் உள்ளான்கள் போய்விட்டன. பதினாறாம் தேதி, பட்டறையில் நிற்கும்போது மதுசாவின் செய்தி வந்தது: "அண்ணா, கட்டினவையள் அறிக்கை அனுப்பியிருக்கினம்! நான் வகுப்பில நிக்கிறன், இன்னும் திறந்து பாக்கல்ல. நீங்கள் பாருங்கோ. மூண்டு வருசத்தையும் ஒண்டாப் போடட்டோ?"

அறிக்கை ஒரு பக்கம். தொலைபேசியில் சொல்லுக்குச் சொல் பொருள் தேடித்தேடி வாசித்தான். வடக்கே, பனிமலைகளுக்கு அப்பால் ஓர் ஏரிக்கரை. வளர்ந்த ஆண் பறவை. பட்டி கட்டிய நாள்: 2024 ஜூன் 19.

அவன் ஒரு தடவைக்கு மூன்று தடவை அந்தத் தேதியைப் பார்த்தான். 2022 நவம்பரில் அவன் கண்டதன் காலில் பட்டி இருந்தது. 2023லும் இருந்தது. இதற்கோ பட்டி கட்டியே பத்து மாதம்தான். அப்படியானால் முன்பு வந்தது இதுவல்ல. அந்த இரண்டு வருடமும் வந்தது ஒன்றா, இரண்டா என்பதுகூட இனிச் சொல்ல முடியாது. பெரிய லென்ஸ் நல்லபடி இருந்திருந்தால், இந்த வருடமும் மங்கலாக நாலு படம் எடுத்துக்கொண்டு, அதேதான் என்று நினைத்துக்கொண்டே இருந்திருப்பான்.

இரண்டு நாள் பதில் போடவில்லை. "ஓம், ஒன்றாகப் போடுங்கள்" என்று எழுதினால், வேலைக் களைப்பில் இருக்கிற பிள்ளை அப்படியே பதிந்துவிடவும் கூடும் என்று நினைத்தான். அந்த வரியை எழுதியும் பார்த்தான். ஓர் ஆணி மேசையில் மிஞ்சி நிற்கிறதைப் பார்த்துக்கொண்டே மூடியைப் பூட்டுவதுபோல இருந்தது. அழித்துவிட்டு எழுதினான்: "மகள், தேதியைப் பாருங்க. முந்திய இரண்டு வருசமும் வந்தது இது இல்ல. வேற. அத இதோட சேர்க்க வேணாம்."

மதுசா உடனே பதில் அனுப்பினார். "ஓம் அண்ணா, இப்பதான் பாத்தன். நீங்கள் சொன்னது நல்லது. இதை ஒரு வருசப் பதிவாப் போடுறன். மற்றதுகள் 'வாசிக்கப்படாதது' எண்டுதான் போகும்."

மாலையில் சாள்ஸ் வலையைத் திருப்பி வாங்க வந்தான்.

"நானா, மாப்பிள்ளை எந்த ஊராம்?"

"பனிமலைக்கு அங்கால."

"அங்கேயிருந்தா மூண்டு வருசமா வாறார்!"

"இல்ல. இவருக்குப் போன வருசம்தான் பட்டி கட்டின. முந்தி வந்தது வேற ஆள்."

சாள்ஸ் வலையைச் சுருட்டுவதை நிறுத்தினான். "அப்ப அவர் எங்க?"

"தெரியா."

"இவர் அவர்ட தம்பியா இரிப்பார்." சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ராத்தா அழைத்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ரிஃபாஸ் எல்லாவற்றையும் சொன்னான்: தேதி, வருடம், மதுசாவுக்கு எழுதியது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"மறைக்காம சொன்னியே. வாப்பாவும் இப்படித்தான்," என்றாள். பிறகு, "அப்ப மூண்டு வருசமா யாரோட கதைச்ச நீ?"

"தெரியா ராத்தா."

"காத்துச் சத்தம் கேக்குது. எங்க நிக்கிற?"

"திட்டில."

"அங்க இப்ப என்ன இரிக்கு?"

அவன் சுற்றிப் பார்த்தான். தண்ணீர் பெருகிக்கொண்டிருந்தது. கம்பங்களில் ஒரு காகம்கூட இல்லை.

"ஒண்டும் இல்ல," என்றான்.

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் காற்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.