எலுமிச்சம்பழம் வைக்காத ரோலர்

அந்த இரும்பு ரோலரில் மாமா வைக்கும் குங்குமப் பொட்டு உள்ளங்கை அகலம் இருக்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைப்பார். நம் ஆட்கள் சைக்கிள், ஸ்கூட்டர், லாரி எதுவானாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். ரோலருக்கு மட்டும் மாமா விடமாட்டார். "ஒரு ஆள நசுக்கினது பத்தாதா இதுக்கு?" என்பார்.

மாமா என் மனைவியின் அப்பா. டெல்லியில் லோதி ரோட்டுக்கு அப்பாலிருந்த பழைய விமானத்தளத்தில் நான் புல் வெட்டினேன். முதல் உலகப் போரில் அது பட்டாளம் கூடாரம் அடித்த பொட்டல். இரண்டாம் போரில் விமானம் இறங்க அவசரமாக ஓடுபாதை போட்டார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து மாமாவும் அவர் அண்ணனும் கூலிக்கு வந்தார்கள். ரோலரை ஆட்களே கயிறு கட்டி இழுத்தார்கள். மழை ஈரத்தில் அண்ணன் வழுக்கி விழுந்தார். பின்னால் உருண்டு வந்த ரோலர் நிற்கவில்லை. வேலையையும் யாரும் நிறுத்தவில்லை. உடம்பை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி இழுக்கச் சொன்னார்களாம். மாமாவும் இழுத்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தளத்தை மூடினார்கள். பழம்பெருமை பேச ஒரு விழா வைத்தார்கள். ரோலருக்கு வெள்ளை அடித்தார்கள். கல்வெட்டில் வெள்ளைக்காரத் துரைகளின் பெயர் இருந்தது, பட்டாளங்களின் பெயர் இருந்தது. ரோலர் இழுத்தவன் ஒருவன் பெயரும் இல்லை. அன்று ஆயுத பூஜை. புதிதாக வந்த அதிகாரி தமிழர்தான், டெல்லியில் பிறந்தவர். விருந்தாளிகளுக்குக் காட்ட ரோலரை டிராக்டரில் கட்டி, அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"வைக்காத தம்பி, எடுத்துடு" என்று மாமா ஓடினார்.

"அரே தாத்தா, இது நம்ம சம்பிரதாயம்தானே?"

"எங்கண்ணன் செத்தது இதுலதான்யா."

"அச்சா, அச்சா. அப்புறம் பேசலாம். ஜல்தி நகருங்க, போட்டோ எடுக்கணும்."

மாமா குனிந்து பழத்தை எடுக்கப் போனார். காவலாளி கையைப் பிடித்து இழுத்தான். நான் அவனைத் தள்ளி விடுவதற்குள் டிராக்டர் நகர்ந்தது. பழம் நசுங்கியது. கை தட்டினார்கள். அந்தத் தட்டல் இன்னும் என் காதில் எரிகிறது. மாமா குங்குமப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "இனிமே நீ வைய்யி மாப்ள" என்றார். அதற்குப் பிறகு அவர் அங்கே வரவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் இல்லை.

இப்போது ரோலர் தளத்தின் வாசலில் சிமெண்டு மேடையில் நிற்கிறது. வருஷம் தவறாமல் போகிறேன். பொட்டு வைக்கிறேன். மறுநாளே துடைத்து வெள்ளை அடித்துவிடுகிறார்கள். காவலாளி சிரிப்பான். "பாய் சாப், இந்தத் தடவையும் எலுமிச்சை கொண்டு வரலையா?"

உள்ளங்கை முழுக்கக் குங்குமம் எடுத்து, வெள்ளையின் மேல் அழுத்தி வைக்கிறேன்.