தெளிவாக ஒப்புக்கொண்டார்

எனக்கு ஆங்கிலம் வரும் என்பது மலேசியாவின் சுங்கை வேயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை முழுவதற்கும் தெரியும். அது எப்படி வந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவள் நான். அங்கே ஒருநாள் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் நான் வகுப்பில் ஆங்கிலத்தில் வாயைத் திறக்கவில்லை. பிறகு இங்கே கிராணி வேலைக்கு, குமாஸ்தாவாக, வந்ததும், அலமாரியில் கிடந்த பழைய கடிதங்களை எடுத்து எடுத்துப் படித்தேன். பெரியவர்கள் எழுதிய கடிதங்களில் ஒரு பழக்கத்தைக் கண்டுபிடித்தேன். 'தட்' என்று ஒன்று வரப்போகிறதென்றால் அதற்கு முன்னால் கனமாக ஒரு சொல்லை வைத்துவிடுகிறார்கள். வெறும் நம்பிக்கை கிடையாது, 'ஸ்ட்ராங்லி பிலீவ் தட்'. வெறும் விருப்பம் கிடையாது, 'சின்சியர்லி ஹோப் தட்'. நானும் பிடித்துக்கொண்டேன். அப்படி எழுதினால் யாரும் சிரிப்பதில்லை. "அக்கா இங்கிலீஷ் பவர் லா" என்று கூடவேலை செய்யும் பெண்கள் சொல்வார்கள். எனக்கும் மண்டைக்கனம் ஏறித்தான் போனது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தபோது அவர்களுடைய வாக்குமூலம் எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. அவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். வேலைக்கு வராதது, தாமதமாக வந்தது, கேன்டீனில் கைகலப்பு, இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும்.

அந்த வருடம் பிரஸ் மெஷினில் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல் நசுங்கிப்போனது. நாற்பது வயதிருக்கும், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். மூன்றாம் நாள் கட்டோடு அலுவலகத்துக்கு அழைத்து வந்தார்கள். மெஷினின் வாயை மூடியிருக்கும் கவர் ஏன் அதன் இடத்தில் இல்லை, அதை யார் கழற்றியது, இதுதான் கேள்வி. அவரே கழற்றியிருந்தால் தப்பு அவருடையது. அது தானாகக் கழன்று விழுந்திருந்தால் கம்பெனியுடையது.

அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

"காலையிலேருந்தே லூசா ஆடிக்கிட்டுதான்க்கா இருந்துச்சு. நான் கழட்டியிருப்பேனோ என்னவோ. சரியா ஞாபகம் வரல."

மேலாளர் மாலைக்குள் அரைப்பக்கம் கேட்டிருந்தார். எனக்கோ கொமுட்டர் ரயிலைப் பிடிக்கும் அவசரம். நான் கற்ற அழகான வாக்கியத்தில் 'என்னவோ' உட்கார இடமில்லை. லூசாக ஆடியதும் அரைப்பக்கத்தில் எங்கேயோ விட்டுப்போனது. 'ஹி கிளியர்லி அட்மிட்டட் தட்' என்று தொடங்கி, கவரை அவர் கழற்றினார் என்று முடித்தேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கை அதுவாகவே எழுதியது. இந்தச் சமாதானத்தை எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. ஏனென்றால் அதற்கடுத்து நான் செய்ததைக் கை அதுவாகச் செய்யவில்லை. வரிவரியாகப் படித்துக் காட்டவேண்டியவள், "நீங்க சொன்னதைத்தான் தம்பி எழுதியிருக்கேன்" என்று தாளை நகர்த்தினேன். அவர் இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து அவருடைய வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று முடிவு வந்தது. பாதுகாப்பு விதியை மீறினார் என்பது காரணம். அன்று மத்தியானம் மேலாளர் அறைக்குப் போய் நின்றேன். அவர் அன்றைக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை பாஸ், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றேன். மேலாளர் கோபப்படவில்லை. கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். என் வாக்கியத்துக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. மாற்றவேண்டுமென்றால் மாற்றிக்கொள், ஆனால் அன்று ஏன் அப்படி எழுதினாய் என்று அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார். பேனாவையும் எடுத்துக் கோப்பின்மேல் வைத்தார்.

பணி ஓய்வுக்கு எனக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. பரவாயில்லை என்று மலாயில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை, இரண்டு வாரம் சோறே இறங்கவில்லை. அந்தத் தஞ்சாவூர்க்காரர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிடலாம் வாங்க என்று அவரைக் கூப்பிட்டேன். நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நீங்க அப்படிச் சொல்லல தம்பி, நான்தான் எழுதிட்டேன். கிள்ளானிலிருந்து ரயிலில் வரும்போது உதடு அசைய இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

வாழையிலை போட்டார்கள். அவர் வலது கையில் இன்னும் கட்டு. இடது கையால் சோற்றைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. கரண்டி கேட்டு வாங்கி, இடது கையில் பிடித்து, சாம்பாரைக் கலக்க முயன்றார். சோறு இலையைத் தாண்டி மேசையில் விழுந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். சொல்ல வந்ததை அப்பளம் வந்ததும் சொல்லலாம், காய் வந்ததும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் அவரே கரண்டியை வைத்துவிட்டுப் பேசினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கவர நான்தான் கழட்டுனேன்னு ஒத்துக்கிட்டதா பேப்பர்ல இருக்காமே. சூப்பர்வைசர் சொன்னாரு. நான் அப்படியா சொன்னேன்?"

குற்றம்சாட்டும் குரல் இல்லை அது. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அந்த நிமிடம் என்ன நடந்தது என்பதே அவர் மனதிலிருந்து அழிந்துபோயிருந்தது. வீட்டிலே மனைவியும் மகளும் தினமும் போனில் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்கிறார்களாம். ஏதாவது ஒரு பதில் சொல்லவேண்டுமே என்றார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்குமூலம் எழுதியபோது இருந்தது அவரும் நானும் மட்டும்தான்.

"அப்படித்தான் தம்பி சொன்னீங்க" என்றேன்.

மேசையில் சிந்தியிருந்த சோற்றை அவர் கரண்டியால் ஓரமாக ஒதுக்கினார். பிறகு தலையாட்டினார்.

"அப்ப என் தப்புதான். நீங்க என்ன, பொய்யாவா எழுதப்போறீங்க? ஊர்லயும் அப்படியே சொல்லிடறேன்க்கா."

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு ரசம் வாங்கிக்கொண்டு, அதற்குமேல் நிம்மதியாகச் சாப்பிட்டார்.