கட்டை புதுசு, பாட்டே அப்படி

அந்தக் கேசட்டை முதன்முதலில் போட்டபோது எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கட்டை தீர்ந்துவிட்டது என்று அப்பா சொன்னார், ஆமாம் என்றாள் அம்மா, நானும் தலையாட்டினேன்.

பேட்டரிக் கட்டையைத்தான் சொல்கிறேன். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டில் எங்கள் மலையில், தேவனூர் நாட்டுப் பக்கம் கரண்டு இருந்தது, கம்பத்தில். ஒரு மழை, ஒரு காற்று போதும். போன கரண்டு எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. அதனால் எங்கள் டேப் ரெக்கார்டர் முக்கால்வாசி நாள் கட்டையில்தான் பாடியது. கட்டை இறங்க இறங்கப் பாட்டு இழுக்கும். பெண் குரல் ஆண் குரலாகும், ஆண் குரல் எருமைக் குரலாகும். உடனே கட்டைகளைக் கழற்றி ஓட்டின் மேல் வெயிலில் காயப்போடுவோம். சூடு ஏறியதும் திரும்பப் போட்டு இன்னும் நாலு பாட்டைக் கறந்துவிடுவோம். மலையில் டேப் வைத்திருந்த எல்லா வீட்டிலும் இதே வைத்தியம்தான்.

டேப்பை வாங்கி வந்தது என் அண்ணன். குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகளுக்குப் போகிற லாரியில் அவன் டிரைவர். கேசட்டும் அவன் கொண்டு வந்ததுதான், ஆனால் வாங்கியதில்லை. அருவி பார்க்க வந்த காலேஜ் பையன்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அவன் லாரியில் தொற்றிக்கொண்டு அடிவாரம் வரை போயிருக்கிறார்கள். அவர்கள் இறங்கிப் போன பிறகு சீட்டு இடுக்கில் இது கிடந்திருக்கிறது. அட்டை இல்லை, பெயர் இல்லை. யாரோ வீட்டில் பதிந்த கேசட். மேலே கறுப்பு மையில் மண்டை ஓடு மாதிரி ஒரு கிறுக்கல்.

"இந்தா புள்ள, வெச்சுக்கோ" என்று என் மடியில் எறிந்துவிட்டு அவன் சாப்பிடப் போய்விட்டான்.

போட்டேன். முதலில் இரும்புத் தகரத்தை யாரோ தரதரவென்று இழுத்துப் போகிற சத்தம். அப்புறம் அடித்தொண்டையிலிருந்து ஒருவன் உறுமினான். பக்கத்து வீட்டிலிருந்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, முறமும் கையுமாக ஓடி வந்தாள்.

"அட சாமி! யாரைப் புடிச்சுக் கழுத்த நெரிக்கறாங்க? நிறுத்து புள்ள!"

"ஒண்ணுமில்ல, கட்டை போயிருச்சு" என்று அப்பா அவளைச் சமாதானப்படுத்தினார். "எடுத்து வெயில்ல போடு கண்ணு."

வெயிலில் போட்டேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் அதே உறுமல். மறுநாள் காயவைத்தோம், அதற்கு மறுநாளும் காயவைத்தோம். "மலை வெயிலுக்குச் சூடு பத்தல" என்று அப்பா வெயில்மேல் பழியைப் போட்டார். அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் கட்டை வீக் என்று சொல்லச் சொல்லி எனக்கு உத்தரவு.

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெயிலான பெண் வீட்டில் இருந்தால் வருகிறவர் போகிறவரெல்லாம் வாத்தியார் ஆகிவிடுவார்கள், தெரியுமா? மிளகு வாங்க வந்த வியாபாரிகூட எனக்குப் புத்தி சொன்னார். "போவுது உடு, பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு எதுக்கு" என்று ஆறுதல் சொன்னவர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு காபி போட்டுக் கொடுத்தேன். ஒருத்தரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள்.

ஒரு மத்தியானம் தனியாக இருந்தபோது கேசட்டைப் போட்டுவிட்டு யோசித்தேன். கட்டை இறங்கினால் பாட்டு முழுவதும் இழுக்க வேண்டும். இங்கே குரல்தான் பாதாளத்தில் கிடக்கிறது. மேளமோ நாய் துரத்தின ஆடாக ஓடுகிறது. குரலுக்கு மட்டும் கட்டை தீர்ந்து மேளத்துக்குத் தீராமல் இருக்குமா? அப்படியானால் இந்த ஆள் வேண்டுமென்றேதான் இப்படிப் பாடுகிறான்! அடப்பாவி என்று வாய்விட்டுச் சிரித்தேன். அவன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். என்ன மொழி, என்ன விஷயம், ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் நான் பல்லுக்குள் கடித்து வைத்திருந்ததை எல்லாம் அவன் வாய்திறந்து சொல்வதுபோல் இருந்தது.

உடனே பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்டால் தலை வலித்தது. ஆனாலும் விடவில்லை. நாள் போகப் போக, வெறும் இரைச்சலாக இருந்ததற்குள் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகப் பிரிந்து வந்தது. கிடார் ஒன்றில்லை, இரண்டு. கீழே இன்னொன்று நிலம் அதிர முனகுகிறது. உறுமலில்கூட வகை இருந்தது. ஒரு நாள் கிழங்குக் காட்டில் பன்றி இறங்கியபோது அம்மா வரப்பில் நின்று வயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள். காட்டுப்பன்றி குட்டிகளோடு காத தூரம் ஓடியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கேசட்டுக்காரன் எங்கிருந்து குரலை எடுக்கிறான் என்பது அப்போதுதான் புரிந்தது.

ஒரே ஒரு பாட்டுதான் மசியவில்லை. இரண்டாவது பக்கத்தில், குரலே இல்லாமல் நெடுநேரம் ஓடுகிற பாட்டு. அதில் மேளம் நொண்டியது. நான்கு நான்காகத் தட்டிக்கொண்டே போனால் எங்கேயோ ஓர் அடி குறைந்து என் கை அந்தரத்தில் நிற்கும். டேப் கிழிந்து ஒட்டியிருக்கிறதோ என்று வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். கணக்கு இங்கேயும் வந்து என் கழுத்தைப் பிடிக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

இந்த மாதிரிப் பாட்டுக்கு மெட்டல் என்று பெயர், அதிலும் தாளத்தை உடைத்து உடைத்துப் பரீட்சை பார்க்கிற கூட்டம் ஒன்று தனியாக உண்டு என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. கணக்கை மறுபடி எழுதித் தேறி, ரெண்டாயிரத்துக்குப் பிறகு நாமக்கல்லில் டீச்சர் ட்ரெய்னிங் படித்தபோது, பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உலகமே உறுமியது. பக்கத்து கேபினில் ஜாதகம் பார்க்க வந்தவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டுமே! எத்தனையோ கேட்டேன், அந்தக் கேசட்டின் பெயரை மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

நொண்டி மேளத்தின் விடை வாசலில் கிடைத்தது. எங்கள் பக்கம் அப்போது சாமையைக் கையால்தான் குத்துவோம். தரையில் பதித்த கல் உரல், சுற்றி மூன்று பேர், மூன்று உலக்கை. ஒன்று இறங்கும்போது மற்ற இரண்டும் மேலே இருக்க வேண்டும். முறை தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும், பல்லும் போகும். அம்மா, அத்தை, நான் என்று மூன்று குத்து விழும். அப்புறம் அம்மா தன் உலக்கையை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே சிதறிய சாமையைக் காலால் உரலுக்குள் தள்ளுவாள். அதுவரை அத்தையும் நானும் மட்டும் குத்துவோம். அத்தை, நான். அத்தை, நான். மறுபடி அம்மா சேர்ந்துகொள்வாள். சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை, யாரும் எண்ணியதில்லை. அன்றைக்கு எண்ணினேன். மூன்று, இரண்டு, இரண்டு. ஏழு!

உலக்கையை அப்படியே நிறுத்திவிட்டேன்.

"என்ன புள்ள, கை புடிச்சுக்கிச்சா?" என்றாள் அத்தை.

"இல்லீங்க அத்தை, கணக்கு புடிச்சுக்கிச்சு."

உள்ளே ஓடிப் போய் அந்தப் பாட்டைப் போட்டேன். மூன்று, இரண்டு, இரண்டு. கை ஒரு இடத்திலும் அந்தரத்தில் நிற்கவில்லை. அது நொண்டவே இல்லை, நான்தான் நான்கு கால் தேடிக்கொண்டிருந்தேன். கணக்கில் பெயிலானவள் குதித்த குதியில் அடுப்படிப் பூனை வெளியே ஓடிவிட்டது.

அந்த வாரமே அண்ணன் என் தலையில் கல்லைப் போட்டான். சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"அந்த ரிப்பேர் கேசட்டு சும்மாதானே கெடக்குது? அடுத்த லோடுக்கு வாரப்ப எடுத்துட்டுப் போறேன். அது மேலயே நல்ல பாட்டா நாலு பதிஞ்சுக்கறேன், வண்டியில கேக்க."

"அது ரிப்பேர் இல்லீங்கண்ணா!"

"பின்ன? பாடறவனுக்குத் தொண்டை ரிப்பேரா?" என்று சிரித்தான். கேசட்டை எடுத்து அதன் விளிம்பைக் காட்டினான். "இங்க பாரு, ரெண்டு காது ஒடியாம இருக்குது. காது இருந்தா எத்தனை தடவை வேணா மேல பதியலாம். ஒடிச்சாத்தான் பதிய முடியாது."

எனக்கு வந்ததே கோபம்! ஆனால் டேப் அவனுடையது, கேசட்டும் அவன் கொடுத்தது. வாதாடினால் அம்மா அவன் பக்கம்தான் பேசினாள். "கெட்டுப்போன சாமானுக்கு எதுக்கு சண்டை? அவன் கெடையா ரோட்டுல கெடக்கறான், நாலு பாட்டு கேட்டுட்டுப் போறான்." அந்தக் காதுகளை அன்றிரவே நானே ஒடித்திருக்கலாம். ஒடித்த இடத்தில் செலோ டேப்பை ஒட்டினால் மறுபடி பதியலாம் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு வேண்டியது வேறு. அது கெட்டுப்போகவில்லை என்று அந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவராவது சொல்ல வேண்டும். அந்த வருடம் அந்த வீட்டில் கெட்டுப்போனது என்று ஒதுக்கி வைத்த சாமான் அது ஒன்று மட்டுமில்லை.

லாரி வருகிற அன்றைக்குக் காலையில் உரலடியில் டேப்பைக் கொண்டுவந்து வைத்தேன். அம்மாவின் கண் எதிரிலேயே புதுக் கட்டைகளின் காகிதத்தைப் பிரித்தேன்.

"பாத்துக்கம்மா. கட்டை புதுசு."

"செரி, புதுசு. அதுக்கென்ன இப்ப?"

"பேசாம குத்து, நான் பாட்டுப் போடறேன்."

முதலில் உறுமல் பாட்டுதான் வந்தது. அத்தை முகத்தைச் சுளித்தாள். அம்மா குத்துவதை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தாள். "பன்னி முடுக்கறவனாட்டம் இருக்குது" என்றாள். "பாவம், எந்தக் காட்டுக்காரனோ!" கேலியில்லை, நிஜமாகவே பரிதாபப்பட்டாள். கட்டை போயிருச்சு என்று அவள் சொல்லாததை நான் கவனித்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தைத் திருப்பி அந்த நீளப் பாட்டைப் போட்டேன். மேளம் ஆரம்பித்தவுடன் அத்தை முறை தப்பி என் உலக்கையில் இடித்தாள். "இந்தச் சனியனை நிறுத்து புள்ள, பல்லுப் போயிரும்!" என்று கத்தினாள். அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று நினைத்தேன். அம்மா உலக்கையை உயர்த்திப் பிடித்தபடி ஒரு கணம் டேப்பையே பார்த்தாள். அப்புறம் ஓங்கிக் குத்தினாள். அத்தை குத்தினாள், நான் குத்தினேன். அம்மாவின் கால் சாமையைத் தள்ளியது. அத்தை, நான். அத்தை, நான். அம்மாவின் உலக்கை மறுபடி இறங்கிய அதே நொடியில் டேப்பிலும் அந்தப் பெரிய மேளம் விழுந்தது.

அத்தை வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு குத்துகூடத் தப்பவில்லை. கிடார்கள் ஏறின, இறங்கின, வழி மாறின, நாங்கள் மாறவில்லை. மூன்று உலக்கையும் அந்தக் கேசட்டும் சேர்ந்து வாசலை அதிரவைத்தன. அம்மா மூச்சை 'ஹ்ஹும்' என்று வயிற்றிலிருந்து விட்டுக்கொண்டு குத்தினாள். அவள் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. பாட்டு நின்ற பிறகும் நாங்கள் நிற்கவில்லை, சாமை தவிடாகிற வரைக்கும் குத்தியிருப்போம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "அந்தக் கொட்டு அடிக்கற பையன் சாமை குத்துன ஊட்டுப் பையனாட்டம் இருக்குது" என்றாள்.

"அப்பிடித்தானுங்க இருக்கோணும்" என்றாள் அத்தை. பல்லுப் போகும் என்று கத்தியவளும் அவளேதான்!

ரோட்டில் லாரி ஹாரன் கேட்டது. அண்ணன் மேட்டில் ஏறி வந்தான். "எங்க புள்ள அந்த ரிப்பேர் கேசட்டு? சீக்கிரம் குடு, வண்டி நிக்குது."

நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா முந்திக்கொண்டாள்.

"ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. கட்டை புதுசு, பாட்டே அப்படி."

அண்ணன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏம்மா, உன்ற காதும் போயிருச்சா?"

"காதுன்னதும் நெனப்பு வருது. கேசட்டுக்கு ரெண்டு காது இருக்குதுன்னியே, எங்க?" என்று என்னிடம் கையை நீட்டினாள். கொடுத்தேன். இடுப்பில் செருகியிருந்த களைவெட்டும் சிறு அரிவாளை எடுத்து அதன் நுனியால் நெம்பினாள். ஒன்று தெறித்தது. இன்னொன்றும் தெறித்தது. அந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளும் உமிக்குள் விழுந்து காணாமல் போயின.

"இப்ப எப்படிப் பதிவே?" என்றாள்.

செலோ டேப் அவன் லாரியிலேயே இருந்தது. அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்துவிட்டு, என் உச்சந்தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

அம்மா கேசட்டை முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தாள். அடுத்த முறத்துச் சாமையை உரலில் கொட்டினாள்.

"மறுக்காப் போடு கண்ணு" என்றாள். "நீதான் எண்ணோணும், எங்களுக்குக் கணக்குத் தெரியாது."